பயணத்தில் போன் தொலைந்தால்: மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் பயணிப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

போனைக் காணவில்லை என்று தெரிந்ததும் பலர் முதலில் செய்வது, பக்கத்தில் நிற்பவரின் போனை வாங்கி சிம்மை நிறுத்தச் சொல்வதுதான். பெரும்பாலும் அது முதலில் செய்யக்கூடாத வேலை. சிம் நின்றால் டேட்டா நிற்கும். டேட்டா நின்றால் போன் தான் இருக்கும் இடத்தைச் சொல்லாது, தூரத்திலிருந்து லொக் பண்ணவும் முடியாது, எடுத்து வைத்திருக்கும் நல்ல மனிதர் உங்கள் கோலுக்குப் பதில் சொல்லவும் வழி இருக்காது. போனைத் தேட உதவும் ஒரே கயிற்றை நாமே அறுத்துவிடுகிறோம்.

சரியான ஒழுங்கு இது. முதலில் கோல் எடுத்துப் பாருங்கள். பிறகு மப்பில் இடம் பார்த்து லொக் போடுங்கள். பிறகு பஸ்ஸையோ ரயிலையோ ஓட்டோவையோ துரத்துங்கள். அதன் பிறகு சிம், வங்கி. அதன் பிறகு பொலிஸ். இதற்கு ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. போனுக்கு ஸ்கிரீன் லொக் இல்லை, அதே போனில் வங்கி அப் இருக்கிறது, யாரோ பறித்துக்கொண்டு ஓடினார் என்றால் யோசிக்கவே வேண்டாம், முதலில் வங்கிக்கும் சிம் நிறுவனத்துக்கும் சொல்லுங்கள். அந்த நேரத்தில் போனை விடக் காசு பெரிது.

முதல் ஐந்து நிமிடம்: போன் உயிரோடு இருக்கிறதா?

பக்கத்திலிருப்பவரின் போனிலிருந்து உங்கள் இலக்கத்துக்கு ஒரு கோல் எடுங்கள். மணி போனால் நல்ல செய்தி. இலக்கம் செயற்பாட்டில் இல்லை என்ற பதிவுக்குரல் வந்தால் மூன்று காரணங்கள் இருக்கலாம்: பற்றரி இறங்கியிருக்கும், சிக்னல் இல்லாத இடத்தில் வண்டி ஓடும், அல்லது யாரோ ஓஃப் பண்ணியிருப்பார். வெலிக்கந்தைக்கும் புணானைக்கும் இடையிலோ, பொத்துவிலைத் தாண்டி பாணமைப் பக்கமோ போகும் வண்டி என்றால் உடனே திருட்டு என்று முடிவு கட்ட வேண்டாம். கால் மணி நேரம் விட்டு மறுபடி எடுங்கள்.

அடுத்து, நண்பரின் வட்ஸ்அப்பிலிருந்து உங்கள் இலக்கத்துக்கு ஒரு செய்தி அனுப்பச் சொல்லுங்கள். ஒற்றை டிக்கோடு நின்றால் போன் இணையத்தில் இல்லை. இரட்டை டிக் விழுந்தால் பெரும்பாலும் போன் ஓனில், டேட்டாவோடு இருக்கிறது; மப்பில் பிடிக்கலாம். கோல் போகிறது, ஆனால் ஒற்றை டிக்தான் என்றால் டேட்டா முடிந்திருக்கும் அல்லது ஓஃபில் இருக்கும். அப்போது மப்பை நம்பி நேரம் கழிக்காமல் கோலையும் குறுஞ்செய்தியையும் நம்புங்கள். ரீலோட் கடைக்குப் போய் உங்கள் இலக்கத்துக்கு ஒரு சிறிய டேட்டா பக்கேஜ் போட்டுவிடுவதும் உண்டு. டேட்டா சுவிட்ச் ஓனில் இருந்து காசு மட்டும் முடிந்திருந்தால் அந்த ஒரு ரீலோட் போனை மப்புக்குள் கொண்டுவரும்.

விடாமல் அடித்துக்கொண்டே இருக்க வேண்டாம். பற்றரி 15 வீதத்தில் இருக்கும் போனை இருபது கோலால் கொன்றுவிடலாம். இரண்டு மூன்று தரம் எடுங்கள். பதில் இல்லையென்றால் ஒரு குறுஞ்செய்தி அனுப்புங்கள்: "இந்தப் போன் பஸ்ஸில தவறிட்டு. எடுத்தவங்க இந்த நம்பருக்கு ஒரு கோல் எடுங்க. நான் வந்து வாங்கிறன்." கொழும்பு, பொலன்னறுவைப் பஸ் என்றால் அதையே சிங்களத்தில் எழுதத் தெரிந்த ஒருவரைக் கொண்டு இன்னொன்றும் அனுப்புங்கள். யார் கையில் போன் இருக்கிறதென்று நமக்குத் தெரியாது.

யாராவது எடுத்துப் பேசினால் குரலை உயர்த்தக்கூடாது. "ஏன் எடுத்தீங்க" என்று கேட்ட நொடியில் பல போன்கள் ஓஃப் ஆகியிருக்கின்றன. "தம்பி, பெரிய உதவி. எங்க நிக்கிறீங்க? நான் அங்கேயே வாறன்" என்று கேளுங்கள். இடம், ஆளின் பெயர், இன்னொரு தொடர்பிலக்கம், இந்த மூன்றையும் வாங்கிக்கொண்டு நன்றி சொல்லி வையுங்கள். சந்திப்பதற்கு ஆள் நடமாட்டமுள்ள கடை, பஸ் நிலையம், பள்ளிவாசல் அல்லது கோயில் வாசல் நல்லது.

மப்பில் பார்ப்பதும் லொக் போடுவதும்

அன்ட்ரொய்ட் போனுக்குக் கூகுளின் ஃபைண்ட் ஹப், ஐபோனுக்கு அப்பிளின் ஃபைண்ட் மை. முன்பு ஃபைண்ட் மை டிவைஸ் என்றிருந்ததுதான் 2025இல் ஃபைண்ட் ஹப் ஆனது. இரண்டையும் வேறு எந்தப் போனின் பிரவுசரிலும் திறக்கலாம். மற்றவரின் போனில் திறக்கும்போது இன்கொக்னிட்டோ ஜன்னலில் திறந்து, வேலை முடிந்ததும் ஜன்னலை மூடிவிடுங்கள். இல்லாவிட்டால் உங்கள் கணக்கு அந்தப் போனில் தங்கிவிடும்.

புதியவர்கள் அதிகம் இடறுவது இந்த இடத்தில்தான். கூகுள் கடவுச்சொல் சரியாக இருந்தும், "உங்கள் போனுக்கு வந்த அறிவிப்பைத் தொடுங்கள்" என்று கேட்கும். அந்தப் போன்தான் பஸ்ஸில் போய்க்கொண்டிருக்கிறது. இதற்கான சாவி பக்கப் கோட். கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பக்கத்தில் 8 இலக்கம் கொண்ட 10 கோட்கள் எடுக்கலாம். ஒவ்வொன்றும் ஒரு தரம்தான் செல்லும். அதை ஒரு தாளில் எழுதிப் பணப்பையில் வைத்திருந்தால் இரண்டு நிமிடத்தில் உள்ளே போகலாம். இல்லையென்றால் வீட்டில் உங்கள் கணக்கு ஏற்கெனவே திறந்திருக்கும் பழைய போனோ லப்டொப்போ இருக்கிறதா என்று யோசித்து, வீட்டாருக்குக் கோல் எடுத்து அதில் பார்க்கச் சொல்லுங்கள். ஐபோன்காரருக்கு இந்தத் தொல்லை குறைவு. ஐகிளவுட் தளத்தில் சாதனம் தேடும் பகுதியை மட்டும் சரிபார்ப்புக் கோட் இல்லாமலே கடவுச்சொல்லால் திறக்கலாம்.

மப் திறந்ததும் புள்ளியைப் பார்க்க முன் நேரத்தைப் பாருங்கள். "இப்போது" என்றிருக்கிறதா, "40 நிமிடத்துக்கு முன்" என்றிருக்கிறதா? பழைய புள்ளியைத் துரத்திக்கொண்டு களுவாஞ்சிக்குடியில் இறங்கி நிற்பவர்கள் உண்டு. பஸ் அதற்குள் கல்முனையைத் தாண்டியிருக்கும். அடுத்து, புள்ளியைச் சுற்றியுள்ள வட்டம். காத்தான்குடி, கல்முனை போல் வீட்டுக்கு வீடு வைஃபை உள்ள இடத்தில் வட்டம் சிறியதாக இருக்கும். எந்த ஒழுங்கை என்று கூடச் சொல்லலாம். வயல்வெளியில், வாகரைப் பக்கத்தில், கோபுரச் சிக்னலை மட்டும் வைத்துக் கணித்தால் வட்டம் கிலோமீற்றர் கணக்கில் விரியும். அந்த வட்டத்துக்குள் இருக்கும் ஒரு வீட்டைக் காட்டி "இங்கேதான்" என்று கதவைத் தட்டுவது அநியாயம், ஆபத்தும் கூட.

புள்ளி பிரதான வீதியில் சீராக நகர்கிறது என்றால் போன் இன்னும் வண்டிக்குள் இருக்கிறது. இதைவிட நல்ல நிலைமை கிடையாது. பஸ் நிலையத்திலோ டிப்போவிலோ வந்து நின்றால் இன்னும் நல்லது. பஸ் ஓடும் வீதியை விட்டு உள்வீதிக்குள் திரும்பினால் யாரோ எடுத்துவிட்டார். அவர் நல்லவராகவும் இருக்கலாம், கோலுக்குக் காத்திருக்கலாம்.

இப்போது லொக். அன்ட்ரொய்டில் "தொலைந்ததாகக் குறி" என்ற தெரிவு, ஐபோனில் லொஸ்ட் மோட். இரண்டிலும் திரையில் ஒரு செய்தியும் ஒரு தொடர்பிலக்கமும் போடலாம். உங்கள் இலக்கத்தைப் போடாதீர்கள். அது தொலைந்த போனிலேயே மணி அடிக்கும். வீட்டில் எப்போதும் பதில் சொல்லும் ஒருவரின் இலக்கம் வேண்டும். வீட்டு விலாசம் போட வேண்டாம். அன்ட்ரொய்ட் 10உம் அதற்கு மேற்பட்டதும் உள்ள போன்களில் கூகுளின் ரிமோட் லொக் என்ற வசதியும் உண்டு. கடவுச்சொல் மறந்திருந்தாலும் போன் இலக்கத்தை மட்டும் கொடுத்துத் திரையைப் பூட்டலாம். ஆனால் அதை முன்கூட்டியே போனில் செயற்படுத்தி வைத்திருக்க வேண்டும்.

சத்தம் எழுப்பும் பொத்தான், சைலன்டில் இருந்தாலும் அன்ட்ரொய்ட் போனை முழுச் சத்தத்தில் 5 நிமிடம் அலற வைக்கும். பஸ் நிலையத்தில் நிற்கும்போது, நீங்களும் பக்கத்தில் நிற்கும்போது, இதைப் போல உதவுவது வேறில்லை. போன் யாரோ ஒருவரின் பையில் ஓடிக்கொண்டிருக்கும்போது அழுத்தினால் அவர் உஷாராகி ஓஃப் பண்ணுவார். இடம் பார்த்து அழுத்துங்கள்.

எல்லாவற்றையும் அழிக்கும் பொத்தானைத் தொடாதீர்கள். அன்ட்ரொய்டில் அழித்துவிட்டால் அதன் பிறகு மப்பில் தேட முடியாது. கிடைக்காது என்று மனம் ஒத்துக்கொண்ட பிறகு, உள்ளே இருப்பது யார் கையிலும் போகக்கூடாத விடயம் என்றால் மட்டும் அழிக்கலாம். ஐபோனை அழித்தாலும் கணக்கிலிருந்து நீக்கக்கூடாது. நீக்கினால் உங்கள் கணக்கில்லாமல் போனைத் திறக்க விடாத அக்டிவேஷன் லொக் போய்விடும், எடுத்தவர் புதுப் போன் போலப் பாவிப்பார்.

பஸ், ரயில், ஓட்டோ: யாரைப் பிடிப்பது?

பஸ்ஸைத் துரத்துவதற்கு வேண்டியது நான்கு தகவல்: எங்கிருந்து எங்கே போகும் பஸ், நீங்கள் ஏறிய நேரமும் இறங்கிய நேரமும், இ.போ.ச.வா (அரச பஸ்) தனியாரா, எந்த சீட். இ.போ.ச. பஸ்ஸில் மெஷின் டிக்கட் தந்திருந்தால் கசக்கி எறிய வேண்டாம். எந்த டிப்போ, எந்த ஓட்டம் என்று கண்டுபிடிக்க அதுதான் முதல் துரும்பு. டிக்கட் இல்லையென்றால் நேரே பஸ் நிலையத்தின் டைம் கீப்பரிடம் போங்கள். எந்த பஸ் எத்தனை மணிக்கு வெளிக்கிட்டது, எப்போது திரும்பும் என்பது அவரிடம் இருக்கும். பெரும்பாலும் கொண்டக்டரின் இலக்கமும் இருக்கும்.

சொல்லும் விதம் இப்படி இருக்கட்டும்: "அண்ணன், அக்கரைப்பற்றில இருந்து பத்தேகாலுக்கு வந்த பஸ்ஸில என்ட போன் விழுந்திட்டு. இடப்பக்கம், பின் கதவுக்கு முன் சீட். கறுப்புக் கவர்." சீட்டைச் சொல்வது முக்கியம். கொண்டக்டர் ஓடும் பஸ்ஸில் முழுப் பஸ்ஸையும் தேடமாட்டார். ஒரு சீட்டைக் குனிந்து பார்ப்பார். சீட்டுக்கும் பக்கத் தகட்டுக்கும் இடையிலான வெடிப்பு, சீட்டின் கீழ், மேல் தட்டின் மூலை, இந்த மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். காற்சட்டைப் பையிலிருந்து வழுக்கும் போன் பெரும்பாலும் அந்த வெடிப்பில்தான் செருகிக்கொண்டிருக்கும், வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. கையை விட்டுத் தடவ வேண்டும்.

பஸ்ஸைப் பின்னாலிருந்து ஓட்டோவில் துரத்துவதை விட, அது திரும்பும் முனையில் காத்திருப்பது நல்லது. மட்டக்களப்புக்கும் கல்முனைக்கும் இடையில் ஓடும் பஸ்கள் அன்றே பல தரம் திரும்பும். கொழும்புக்குப் போகும் இரவு பஸ் என்றால் நீங்கள் சீட் பதிந்த இடத்துக்குக் கோல் எடுங்கள். சீட் இலக்கம் அவர்களிடம் உண்டு. பஸ் புறக்கோட்டையில் ஆட்களை இறக்கிவிட்டுத் துப்புரவு செய்யும் நேரத்துக்கு முன் கொண்டக்டரிடம் தகவல் போய்ச் சேர வேண்டும். ஒத்துழைக்காவிட்டால், மாகாணம் விட்டு மாகாணம் ஓடும் பஸ்கள் தேசிய போக்குவரத்து ஆணைக்குழுவின் கீழ் வருகின்றன, 1955க்குச் சொல்லலாம். மாகாணத்துக்குள் ஓடும் தனியார் பஸ்களுக்குக் கிழக்கு மாகாண வீதிப் பயணிகள் போக்குவரத்து அதிகார சபை. இரண்டுக்குமே பஸ்ஸின் பதிவு இலக்கம் வேண்டும். ஏறும்போது பஸ்ஸின் பின்பக்கத்தை ஒரு பார்வை பார்த்து வைப்பது இதற்குத்தான்.

ரயில் விடயத்தில் நமக்கு ஒரு வசதி உண்டு. மட்டக்களப்பு கடைசி நிலையம். கொழும்பிலிருந்து வரும் ரயில் இங்கே வந்து நின்று, துப்புரவு செய்யப்பட்டு, பிறகுதான் திரும்பும். இறங்கி ஓட்டோ ஏறிய பிறகு நினைவு வந்தால் உடனே திரும்பி ஓடி, பெட்டி எழுத்தையும் சீட் இலக்கத்தையும் நிலைய அதிபரிடம் சொல்லுங்கள். வாழைச்சேனையிலோ ஏறாவூரிலோ இறங்கியவர்கள் அந்த நிலைய அதிபரிடமே சொன்னால் போதும், அவர் அடுத்த நிலையங்களுக்குச் சொல்வார். ரயில் மட்டக்களப்பைச் சேரும் முன் தகவல் போனால் பெட்டியில் ஏறிப் பார்க்க ஆள் நிற்பார்.

அம்பாறைக் கரையோரத்துக்கு ரயில் இல்லை. கல்முனை, நிந்தவூர், அக்கரைப்பற்று, திருக்கோவில் போகிறவர்கள் மட்டக்களப்பில் இறங்கி, ஓட்டோவில் பஸ் நிலையம் போய், பஸ் மாறிப் போவார்கள். ஆகவே போன் மூன்று வண்டிகளில் எதிலும் விழுந்திருக்கலாம். எல்லா இடத்துக்கும் ஓடுவதற்கு முன் ஒரு கேள்வி: போனைக் கடைசியாகக் கையில் வைத்திருந்தது எப்போது? கடைசியாக அனுப்பிய செய்தி யாருக்கு, அது எத்தனை மணிக்குப் போனது என்று அவரிடம் கேட்டால் விடை நிமிடக் கணக்கில் கிடைக்கும். வட்ஸ்அப்பில் கடைசியாகப் பார்த்த நேரத்தை மறைக்காமல் விட்டிருந்தால் அதையும் நண்பரின் போனில் பார்க்கலாம். பத்து மணிக்குச் செய்தி போயிருக்கிறது, ரயில் ஒன்பதே முக்காலுக்கே வந்துவிட்டது என்றால் ரயிலை விட்டுவிடுங்கள்.

ஓட்டோ என்றால் தரிப்பிடத்துக்குத் திரும்புங்கள். ஒரே தரிப்பிடத்தில் நிற்பவர்களுக்கு ஒருவரையொருவர் தெரியும். "நீல ஓட்டோ, கொஞ்சம் வயதான ஐயா, இப்பதான் கல்லடிக்கு என்னைக் கொண்டு போனவர்" என்றால் அடுத்தவரே அவருக்குக் கோல் எடுத்துத் தருவார். அப்பில் பிடித்த ஓட்டோ என்றால் பயண வரலாற்றில் சாரதியின் விபரம் இருக்கும். ஓட்டோவில் போன் ஒளியும் இடம் பின் சீட்டின் சாய்வுக்கும் இருக்கைக்கும் இடையிலான மடிப்பு. நீங்கள் இறங்கியதும் சாரதி அடுத்த சவாரிக்காரரை ஏற்றியிருப்பார். ஆகவே வேகம் முக்கியம். போன் கிடைத்தால் வந்துபோன ஓட்டத்துக்கான காசைக் கேட்காமலே கொடுங்கள். அவர் தொழில் நேரத்தை விட்டு வந்திருக்கிறார்.

காத்தான்குடி, ஏறாவூர், சாய்ந்தமருது, அக்கரைப்பற்று போன்ற ஊர்களில் சந்தையிலோ வீதியிலோ தவறியிருந்தால் பக்கத்துப் பள்ளிவாசல் நிர்வாகத்திடம் சொல்லுங்கள். மாமாங்கேஸ்வரர், கொக்கட்டிச்சோலைத் திருவிழாக் கூட்டத்தில் தவறினால் ஒலிபெருக்கி இருக்கும் தகவல் கூடாரத்துக்குப் போங்கள். அறிவிப்பில் போனின் முழு அடையாளத்தையும் சொல்லிவிடக்கூடாது. "ஒரு போன் தவறியிருக்கிறது" என்பது போதும். கவரின் நிறமும் திரையில் உள்ள படமும் உரியவர்தான் என்று நிரூபிக்க உங்கள் கையில் இருக்க வேண்டும்.

சிம், வங்கி, வட்ஸ்அப்

லொக் போட்டாயிற்று, துரத்தியும் கிடைக்கவில்லை, இரண்டு மூன்று மணி நேரமாக போன் ஓஃப். இப்போது சிம்மை நிறுத்துங்கள். டயலொக் 1777, மொபிடெல் 1717. வேறு நிறுவனத்து போனிலிருந்து இந்தக் குறுகிய இலக்கங்கள் எடுபடாவிட்டால் அந்த நிறுவனத்தின் கிளைக்கு நேரே போகலாம்.

அதே இலக்கத்துக்கு மாற்றுச் சிம் எடுக்கத் தேசிய அடையாள அட்டையோடு சிம்மின் சொந்தக்காரர் நேரில் வர வேண்டும். இங்கே பலருக்கும் வேலை கெடுகிறது: சிம் தகப்பனின் பெயரில், அல்லது வெளிநாட்டில் இருக்கும் அண்ணனின் பெயரில், அல்லது யாரென்றே தெரியாத ஒருவரின் பெயரில் இருக்கும். #132# அடித்தால் உங்கள் அடையாள அட்டையில் எந்தெந்த இலக்கங்கள் பதிவாகியிருக்கின்றன என்று தெரியும். பயணத்துக்கு முன் ஒருமுறை பாருங்கள். உங்கள் இலக்கம் அதில் இல்லையென்றால் இன்றே கிளைக்குப் போய் மாற்றிக்கொள்ளுங்கள்.

வங்கியில் சொல்லும்போது இணைய வங்கி அப்பையும் அட்டையையும் தனித்தனியாக நிறுத்தச் சொல்ல வேண்டும். ஒன்றை நிறுத்தினால் மற்றது தானாக நிற்காது. ஈஸி கேஷ், எம்கேஷ் போன்ற போன் பணப்பைகளில் காசு இருந்தால் சிம் நிறுத்தும்போதே அதையும் சொல்லுங்கள். ஒரு தரம் பாவிக்கும் கோட் எல்லாம் குறுஞ்செய்தியாகத்தான் வருகிறது. சிம்மைக் கழற்றி வேறு போனில் போட்டால் உங்கள் ஸ்கிரீன் லொக் எதையும் காக்காது. சிம்முக்கென்று தனி பின் இலக்கம் போட்டிருந்தால் மட்டுமே காக்கும்.

மாற்றுச் சிம் கிடைத்ததும் முதல் வேலையாக ஏதாவது ஒரு போனில் வட்ஸ்அப்பைப் பதியுங்கள். பதிந்த நொடியே பழைய போனில் அது வெளியேறிவிடும். உங்கள் பெயரில் சொந்தக்காரரிடம் காசு கேட்டுச் செய்தி போகும் வழி அதோடு அடைபடும்.

பொலிஸில் என்ன சொல்வது?

தவறிய இடத்துக்குரிய பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு செய்வது நல்லது. கரையோர வீதியில் பெரியகல்லாறைத் தாண்டினால் மாவட்டமே மாறிவிடும். ஒரு நிலையத்தில் காத்திருந்து, "இது எங்கட பகுதி இல்லை, கல்முனைக்குப் போங்க" என்று கேட்டுத் திரும்புவது வீண் அலைச்சல். ஓடும் பஸ்ஸில் எங்கே விழுந்தது என்று தெரியாவிட்டால், இறங்கிய இடத்து நிலையத்துக்குப் போங்கள்.

கையோடு கொண்டு போக வேண்டியவை: அடையாள அட்டை, போன் வந்த பெட்டி அல்லது வாங்கிய பில், ஒவ்வொரு போனுக்கும் தனியாக உள்ள 15 இலக்க அடையாள எண்ணான ஐஎம்இஐ. இரட்டைச் சிம் போனுக்கு இரண்டு ஐஎம்இஐ இருக்கும், இரண்டையும் எழுதுங்கள். பெட்டி வீட்டிலிருந்தால் அதன் ஒட்டுத்தாளைப் படம் பிடித்து அனுப்பச் சொல்லலாம். பெட்டியும் இல்லையா? அன்ட்ரொய்ட் என்றால் ஃபைண்ட் ஹப்பிலேயே போனின் பெயருக்குப் பக்கத்தில் உள்ள விபரக் குறியைத் தொட்டால் ஐஎம்இஐ கிடைக்கும்.

கிழக்கில் தமிழ் நிர்வாக மொழி. தமிழில் முறைப்பாடு சொல்வது சலுகை அல்ல, உரிமை. எழுதுபவர் சிங்களத்தில் எழுதினால், கையெழுத்துப் போடுவதற்கு முன் வாசித்துத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். தொலைந்ததா, களவு போனதா என்பதை அதில் சரியாக எழுதுவிப்பது மிக முக்கியம். பையை வெட்டி எடுத்திருந்தால் "தவறிவிட்டது" என்று எழுத விடாதீர்கள். விசாரிக்கும் முறையே வேறு. அதேபோல் பஸ்ஸில் தவறவிட்டதைக் களவு என்று சொல்லி ஒரு கொண்டக்டரின் பெயரைக் கொடுக்கவும் கூடாது. ஆதாரமில்லாத பழி ஒரு குடும்பத்தின் பிழைப்பைக் கெடுக்கும்.

முறைப்பாட்டில் இவை வர வேண்டும்: திகதி, நேரம், இடம், வண்டியின் விபரம், போனின் மொடல், நிறம், கவர், கீறல் இருந்தால் எந்த மூலையில், ஐஎம்இஐ, சிம் இலக்கம். பிரதி ஒன்றைக் கேட்டு வாங்குங்கள், அல்லது முறைப்பாட்டு இலக்கத்தையாவது எழுதிக்கொள்ளுங்கள். அந்தப் பிரதியை வைத்துப் பொலிஸ் திணைக்களத்தின் ஐநீட் இணையதளத்தில் தொலைந்த போனைப் பதியலாம். அங்கே அடையாள அட்டை இலக்கம், தொலைந்த நாள், ஐஎம்இஐ எல்லாம் கேட்கும். போனில் யாராவது புதுச் சிம் போட்டால் கண்டுபிடிக்க இந்தப் பதிவுதான் வழி. ஒரு கிழமையில் வரும் என்று காத்திருக்காதீர்கள், மாதக் கணக்கிலும் ஆகலாம். ஆனால் பதியாத போன் வரவே வராது. அறுகம்பையில் தங்கியிருக்கும் வெளிநாட்டு விருந்தாளியின் போன் என்றால் சுற்றுலாப் பொலிஸுக்கு 1912 இல் சொல்லலாம்; காப்புறுதிக்கு அவருக்கு முறைப்பாட்டுப் பிரதி கட்டாயம் வேண்டும். கைகலப்பு, மிரட்டல், பறிப்பு என்றால் நேரே 119.

மப்பில் ஒரு வீடு தெரிகிறது என்றால் தனியாகவோ நண்பர்களைக் கூட்டிக்கொண்டோ போகாதீர்கள். ஸ்கிரீன்ஷொட் எடுத்து, நேரத்தோடு பொலிஸில் கொடுங்கள்.

சில நாள் கழித்து இன்னொரு பொறி வரும். "உங்கள் ஐபோன் கண்டுபிடிக்கப்பட்டது, இந்த இணைப்பைத் தொட்டுப் பாருங்கள்" என்று, நீங்கள் பூட்டுத் திரையில் போட்ட அதே இலக்கத்துக்குக் குறுஞ்செய்தி வரும். தொட்டால் அப்பிள் கணக்கின் கடவுச்சொல் கேட்கும். கொடுத்தால் லொக்கைக் கழற்றி விற்றுவிடுவார்கள். வீட்டாருக்கும் இதைச் சொல்லி வையுங்கள், அந்த இலக்கம் அவர்களுடையது.

போன் அல்லாதவை

லப்டொப்புக்கு அடிப்பக்கத்திலுள்ள சீரியல் இலக்கம்தான் ஐஎம்இஐக்குப் பதில். விண்டோஸிலும் இடம் தேடும் வசதி உண்டு, ஆனால் இணையத்தில் இணைந்தால்தான் வேலை செய்யும். பஸ்ஸில் மூடிக் கிடக்கும் லப்டொப்புக்கு அது உதவாது. பைக்குள் உங்கள் பெயரும் இலக்கமும் எழுதிய தாளே அதிகம் உதவும். கமராவுக்கு ஒரு நல்ல வழி இருக்கிறது: பல கமராக்கள் தங்கள் சீரியல் இலக்கத்தை எடுக்கும் ஒவ்வொரு படத்துக்குள்ளும் எழுதி வைக்கும். பெட்டி தொலைந்திருந்தாலும் பழைய படம் ஒன்றின் விபரத்தைத் திறந்து பார்த்து முறைப்பாட்டில் கொடுக்கலாம். பவர் பாங்க், இயர்போன் போன்றவற்றுக்கு வண்டியைத் துரத்துவதைத் தவிர வழி குறைவு.

கடலும் காடும்

பாசிக்குடாவிலும் அறுகம்பையிலும் போன் மணலில் புதைவதும் தண்ணீரில் விழுவதும்தான் அதிகம். மணல் என்றால் சத்தம் எழுப்பிக் காதை வையுங்கள், இருட்டும் முன் தேடுங்கள். உப்புத் தண்ணீரிலிருந்து எடுத்த போனை ஓன் பண்ணவோ சார்ஜில் போடவோ கூடாது. ஓஃப் பண்ணி, சிம்மைக் கழற்றி, தண்ணீர் தாங்கும் போன் என்றால் நல்ல தண்ணீரால் மெதுவாகக் கழுவி, சார்ஜ் துளை கீழே பார்க்க நிறுத்தி, காற்றோட்டமான இடத்தில் ஒரு நாளாவது விடுங்கள். அரிசிக்குள் புதைக்க வேண்டாம். தூளும் மணியும் துளைக்குள் போகும்.

உகந்தையிலிருந்து குமண, யால வழியாகக் கதிர்காமத்துக்குப் பாத யாத்திரை போகிறவர்களுக்கு மப் உதவாது. சிக்னல் கிடையாது, சார்ஜ் போடவும் வழி இல்லை. தவறினால் பின்னால் வரும் கூட்டத்திடம் சொல்லி வைப்பதும், அடுத்த தங்குமிடத்தில் காத்திருப்பதும்தான். போனின் கவருக்குள் பெயரும் வீட்டு இலக்கமும் எழுதிய தாள் இருந்தால், எடுத்தவர் கதிர்காமம் போய்ச் சேர்ந்ததும் கோல் எடுப்பார். பற்றரி செத்த போனிலும் தாள் பேசும்.

வெளிக்கிட முன் செய்ய வேண்டியவை

*#06# அடித்து ஐஎம்இஐயை எழுதி வீட்டில் ஒருவருக்கு அனுப்புங்கள். பூட்டுத் திரையில் "கிடைத்தால் இந்த இலக்கத்துக்கு எடுக்கவும்" என்று ஒரு வரி போடுங்கள்; எடுத்தவருக்கு உங்களைத் தெரிந்துகொள்ள வேறு வழி இல்லை. பக்கப் கோட்களைத் தாளில் எழுதுங்கள். சிம் பின் போடுங்கள். பூட்டிய நிலையில் மேலிருந்து இழுத்து டேட்டாவை ஓஃப் பண்ண முடியாதபடி செட்டிங்ஸில் தடுத்துவிடுங்கள்.

பலரும் கவனிக்காத ஒன்று: ஃபைண்ட் ஹப்பில் ஒஃப்லைன் சாதனங்களைத் தேடும் செட்டிங். இணையம் இல்லாத போனையும் பக்கத்தில் போகும் மற்ற அன்ட்ரொய்ட் போன்கள் புளூடூத் வழியாகக் கண்டு சொல்லும் ஏற்பாடு இது. இயல்பாக அது "ஆள் நடமாட்டம் அதிகமுள்ள இடங்களில் மட்டும்" என்றிருக்கும். கொழும்புக்கு அது போதும். படுவான்கரைக்கும் திருக்கோவிலுக்கும் போதாது. "எல்லா இடங்களிலும்" என்று மாற்றுங்கள். இந்த ஒரு மாற்றம் நம் பக்கத்தில் பெரிய வித்தியாசத்தைத் தரும்.

போன் திரும்பி வந்தால்

வாங்கும்போது அதே இடத்தில் ஓன் பண்ணி, உங்கள் போன்தானா என்று *#06# அடித்துப் பாருங்கள். சிம் தட்டைத் திறந்து பாருங்கள். சன்மானம் கொடுப்பது நல்ல பழக்கம். ஆனால் போனைக் காட்டாமல் முதலில் காசை அனுப்பச் சொல்பவருக்கு அனுப்ப வேண்டாம். வீட்டுக்கு வந்ததும் கூகுள் அல்லது அப்பிள் கணக்கின் கடவுச்சொல்லை மாற்றி, தெரியாத அப் ஏதும் ஏறியிருக்கிறதா என்று பார்த்து, வட்ஸ்அப்பில் இணைக்கப்பட்ட சாதனங்களை எல்லாம் வெளியேற்றுங்கள்.

பிறகு முறைப்பாடு செய்த பொலிஸ் நிலையத்துக்கும் ஐநீட் பதிவுக்கும் போன் கிடைத்துவிட்டது என்று சொல்லுங்கள். சொல்லாமல் விட்டால் தொலைந்த போன் பட்டியலிலேயே அது கிடக்கும். பிறகு நீங்கள் யாருக்காவது விற்றால், விசாரணை அந்த வாங்கியவரின் வாசலுக்குத்தான் போகும்.